கிழக்குத் தோட்டத்தில் ஒரு புதன்கிழமை

யோகோத்தே
பிப்ரவரி 16, 1975

அன்பு மகள் மிசாவோவுக்கு,

கூரைப் பனியை இந்த மாதத்தில் ஐந்தாம் முறையாகத் தள்ளியாயிற்று. அப்பாவின் இடுப்பு வலியைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா?

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்குத் தெரியக் கூடாதென்று உறையின் பின்னால் என் பள்ளித் தோழி இசோவின் பெயரை எழுதுகிறாயே, இந்த முறை அதை வாசலில் வாங்கியது அப்பா. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இசோவோட கையெழுத்து வரவர நம்ம பொண்ணோடது மாதிரி ஆயிடுச்சே" என்றார். அடுப்பங்கரைப் பலகையில் வைத்துவிட்டு மண்வாரியோடு வெளியே போய்விட்டார். அவர் தலை மறைந்த பிறகுதான் உறையைப் பிரித்தேன்.

ஒரு செய்தி. நம் ஊர் மகளிர் சங்கத்துக்கு டோக்கியோ அரண்மனையிலிருந்து அனுமதி வந்திருக்கிறது. மே மாதம் 19ஆம் தேதியிலிருந்து நான்கு நாள் அரண்மனைத் தோட்டங்களில் கூலி வாங்காத சேவையாகக் களை பிடுங்கப் போகிறோம். முப்பத்திரண்டு பேர். பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதி அனுப்பியாகிவிட்டது, இனி ஆள் மாற்ற முடியாது. தலைவி உன் ஷிமா அத்தை. அத்தை முன்னால் உன் பெயரை இன்னும் யாரும் எடுப்பதில்லை. ஒரே பெண்ணான உனக்கு அவருடைய இரண்டாவது மகன் ஷோஹேயை வீட்டோடு மாப்பிள்ளையாக்கி, நம் குடும்பப் பெயரை அவனுக்குக் கொடுப்பதென்று தேதி குறித்திருந்தோம். பத்து நாள் இருக்கும்போது நீ ரயிலேறினாய். தாயில்லாத உன் அப்பாவைத் தூக்கி வளர்த்த அக்கா அவர். அவர் கதவைச் சாத்தினால் இவர் திறப்பாரா?

அந்த அரண்மனையில் கிழக்குத் தோட்டம் என்று ஒன்று உண்டாம். யார் வேண்டுமானாலும் வாசலில் ஒரு நுழைவு வில்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாமாம். சும்மா எழுதினேன். பக்கத்தில் இருக்கிற உனக்குத் தெரிந்திருக்கும்.

குழந்தையின் காலைக் குளிர வைக்காதே.

அம்மா தொமி


கவாகுச்சி
மார்ச் 3, 1975

அம்மாவுக்கு,

இங்கே பிளம் மரங்கள் பூத்துவிட்டன. நாங்கள் சுகம். குழந்தை வதாருவுக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது; அவனுக்கு அது ஒரு தொழில். அப்பாவின் இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

சும்மா எழுதினாயாம். அம்மா, கடிதத்தை உன் மாப்பிள்ளை நொபோருவிடம் படித்துக் காட்டினேன். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிற ஆள், அவசரத்தில் எதையும் நம்ப மாட்டார். அவரே "உங்கம்மா கூப்பிடறாங்க, புரியலையா?" என்றார்.

வருகிறேன். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுது. மூன்று வருஷமாகிறது உன் முகத்தைப் பார்த்து. வதாருவுக்கு இரண்டு வயதாகிறது, நீ அவனைத் தொட்டதில்லை. பேச வேண்டாம். நீ அவன் கையை ஒரு தரம் பிடித்தால் போதும்.

அத்தையும் அங்கேயேதான் இருப்பார்களா? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உன் மிசாவோ


யோகோத்தே
ஏப்ரல் 20, 1975

அன்பு மிசாவோவுக்கு,

பனி உருகி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. நாற்றுக்கு விதை போட்டாயிற்று. நாங்கள் நலம், உங்கள் நலத்துக்கு எழுது.

அத்தை எங்களைப் பள்ளி மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்து, களை பிடுங்கிப் பயிற்சி செய்ய வைக்கிறார். பிறந்ததிலிருந்து களை பிடுங்குகிறவர்களுக்குப் பயிற்சி! குனிந்து வணங்கவும் பயிற்சி. பின்வரிசையில் ஒருத்தி சிரித்ததற்கு எல்லோரும் இருபது தரம் வணங்கினோம்.

கட்டளைகளைக் கேள். கூட்டத்தை விட்டு யாரும் விலகக் கூடாது. பார்வையாளர்களோடு பேசக் கூடாது. தோட்டத்திலிருந்து ஒரு இலையைக்கூட எடுக்கக் கூடாது. தங்குமிடத்திலிருந்து ரயில் வரைக்கும் அத்தை தலை எண்ணுவார். ஆகவே நீ தூரத்தில் நின்றால் போதும்.

மே 21, புதன்கிழமை எங்களுக்குக் கிழக்குத் தோட்டம். அங்கே பழைய கோட்டையின் இரண்டாம் சுற்றில் ஒரு குளம் இருக்கிறதாம், அதன் கரையில் வேலை. காலை பத்து மணி. எல்லோரும் வெள்ளை மேலங்கி, வெள்ளைத் தலைத்துணி, அதன்மேல் ஓலைத் தொப்பி. முகம் தெரியாது. நான் கழுத்தில் நீலக் கோடு போட்ட துண்டைச் சுற்றியிருப்பேன். மற்றவர்களுக்கு வெள்ளைத் துண்டு. நீலத்தைத் தேடு.

அங்கே நின்று அழாதே. நானும் அழமாட்டேன். இருவருமே பொய் சொல்கிறோம், தெரியும்.

அம்மா


கவாகுச்சி
மே 24, 1975

அம்மா, என் அம்மாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? கால் வீங்கவில்லையே? நான் நலம் என்று எழுதினால் போதாது. மூன்று வருஷத்தில் இவ்வளவு நலமாக நான் இருந்ததில்லை.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன், எனக்கு எழுத வேண்டும்போல் இருக்கிறது. ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். கரையெல்லாம் அசேலியா பூத்திருந்தது, அதை யார் பார்த்தார்கள்? தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் கூட்டம் வரிசையாகக் குந்தியிருந்தது. ஒரே வெள்ளை. நீலத் துண்டைக் கண்டுபிடித்தபோது கூப்பிட்டுவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். வரிசையின் கடைசியில், குளத்துக்குப் பக்கத்தில் நீ.

வதாருவைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். கையை உதறிக்கொண்டு கயிற்றுக்கு அடியில் புகுந்து நேராக உன்னிடம் ஓடினான். இத்தனை பேரில் உன்னிடம்! நீ அவன் கையைப் பிடித்தாய். துண்டின் நுனியால் மூக்கைத் துடைத்தாய். அவன் உள்ளங்கையில் ஒரு பைன் காயை வைத்து மூடினாய். இலைகூட எடுக்கக் கூடாது என்று எழுதியவள் நீதானே! பிறகு கயிறு வரை அழைத்து வந்தாய். குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குப் புரிந்தது, அத்தை எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பேசக் கூடாது என்று நினைத்துத்தான் வந்தேன். முடியவில்லை. நீ கேட்டாய்தானே? "அம்மா, ஓடி வந்ததுக்கு நான் வருத்தப்படல. ஆனா அத்தைகிட்ட நேரா போய்ச் சொல்லியிருக்கணும். ஷோஹேயை ஊரு சிரிக்க விட்டுட்டேன். அந்தத் தப்பு தினம் நெஞ்சுல குத்துது. இதை அவங்ககிட்ட சொல்ற தைரியம் எனக்கு இல்லம்மா." நான் சொல்லி முடிக்கிறவரை நீ அவன் கையை விடவில்லை. பிறகு எனக்கு வணங்கினாய். பெற்ற மகளுக்கு அவ்வளவு தாழக் குனிவார்களா? நாளெல்லாம் அதை நினைத்து அழுதேன்.

அவன் உனக்கு வெள்ளைப் பாட்டி என்று பெயர் வைத்திருக்கிறான்.

உன் மிசாவோ


கவாகுச்சி
ஜூன் 15, 1975

அம்மாவுக்கு,

மழை தொடங்கிவிட்டது. இங்கு எல்லோரும் சுகம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நடவு வேலை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அத்தை பார்த்துவிட்டார்களா? அப்பாவிடம் சொல்லிவிட்டார்களா? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மிசாவோ


யோகோத்தே
ஜூன் 28, 1975

அன்பு மிசாவோவுக்கு,

நடவு முடிந்தது. அப்பாவுக்கு இடுப்பு தேவலை. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். யாரும் எதையும் அப்பாவிடம் சொல்லவில்லை, பயப்படாதே.

அரண்மனையைப் பற்றிக் கேட்பாய் என்று எழுதுகிறேன். உள்ளே, வெளியார் போக முடியாத பகுதியில் பைன் மரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கிளைக்கும் முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு ஊசி இலையையும் யாரோ கையால் எண்ணிவைத்ததுபோல் இருக்கும். கீழே கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருந்தோம். பெருக்கப் பெருக்க இலை விழுந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

வதாருவின் காது யாரைப்போல? தொப்பி மறைத்திருக்கும் அல்லவா, அதனால் கேட்கிறேன். அவன் என்ன எடை இருப்பான்? கையில் பிடித்தால் கை சூடாக இருக்குமா? சில குழந்தைகளுக்கு எப்போதும் ஜில்லென்று இருக்கும்.

பழம் சாப்பிடக் கொடு.

அம்மா


கவாகுச்சி
ஜூலை 10, 1975

அம்மாவுக்கு,

வெயில் கொளுத்துகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். அன்றைக்கு அவன் தொப்பியே போட்டிருக்கவில்லை. அவன் கை சூடாக இருக்குமா என்று என்னைக் கேட்கிறாய். அவன் கையைப் பிடித்தவள் நீ.

அம்மா, அன்றைக்கு என்ன நடந்தது? எனக்காக எதையும் பூசி மெழுக வேண்டாம்.

மிசாவோ


யோகோத்தே
ஆகஸ்ட் 18, 1975

அன்பு மிசாவோவுக்கு,

முன்னோர்களை வரவேற்று விளக்கேற்றி, நேற்று முன்தினம் வழியனுப்பியும் ஆயிற்று. அந்த நாட்களில் பொய் எழுத மனம் வரவில்லை. அதுதான் இத்தனை தாமதம். நாங்கள் நலம்தான்.

அது நான் இல்லை.

புதன்கிழமை காலை, கிளம்புகிற நேரத்தில் அரண்மனை அதிகாரி வந்து, பாதிப் பேர் கிழக்குத் தோட்டத்துக்கும் பாதிப் பேர் உள் அரண்மனைத் தோட்டத்துக்கும் போகலாம் என்றார். உள்ளே போவது எவ்வளவு பெரிய பாக்கியம்! எல்லோருக்கும் அங்கே போக ஆசை. உன் அத்தை ஆட்களைப் பிரித்தார். என்னிடம் வந்து, "தொமி, நீ உள்ள போ. கல்யாணமான நாள்லேருந்து ஊரைத் தாண்டாதவ, ஒரு நல்லதைப் பாத்துட்டு வா" என்றார். தனக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை எனக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? முதல் நாள் வெயிலில் அவருக்குக் கழுத்து கன்றியிருந்தது. "உனக்கு அங்க நிழல்தானே, இதை எனக்குக் குடு" என்று என் கழுத்திலிருந்த துண்டை அவரே உருவிச் சுற்றிக்கொண்டார். வாய் வரைக்கும் வந்தது, மிசாவோ. பின்னால் முப்பது பேர் நின்றார்கள்.

பத்து மணிக்கு நான் பைன் மரத்தடியில் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள். எல்லோரும் ஆகா ஓகோ என்று மரத்தைப் பார்த்தார்கள். அந்த இடத்தை நான் வெறுத்தேன். ராஜாவின் தோட்டத்தை வெறுத்தவள் நம் மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று மாலை அத்தை துண்டைத் துவைத்து மடித்துக் கொடுத்தார். நீ வந்தும் நீலத்தைக் காணாமல் திரும்பியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். உன் கடிதம் வந்த பிறகுதான் எல்லாம் விளங்கியது. நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். அதைப் பறித்துவிட எனக்கு மனமில்லை. பொறாமையும் பட்டேன், மறைக்கவில்லை. உன் அத்தை அவனைத் தொட்டுவிட்டார், நான் தொடவில்லை.

அம்மா


கவாகுச்சி
ஆகஸ்ட் 30, 1975

அம்மாவுக்கு,

நாங்கள் நலம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு நெடு நேரம் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

சொல்லத் தைரியம் இல்லை என்று அத்தையிடமே சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவர்கள் எனக்கு வணங்கினார்கள். அது என்ன அர்த்தம்? முகத்தில் அடித்ததாக எடுத்துக்கொள்வதா? அவர்கள் இனி என்ன செய்வார்கள்?

வதாருவை நீ இன்னும் தொடவே இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் வருகிறது.

மிசாவோ


யோகோத்தே
செப்டம்பர் 23, 1975

மிசாவோவுக்கு ஷிமா எழுதுவது.

அறுவடை ஆரம்பித்துவிட்டது. நான் திடமாக இருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்கும் நோய் நொடி இல்லை என்று நம்புகிறேன்.

உன் அம்மா நேற்று கதிர் காயப் போடுகிற இடத்தில் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். துண்டு அடையாளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. உன் விலாசத்தையும் அவளிடமே வாங்கினேன்.

முதலில், சங்கத் தலைவி என்ற முறையில் சொல்கிறேன். கயிற்றைத் தாண்டக் குழந்தையை விட்டது தப்பு. அவனுக்கு நகம் வளர்ந்திருந்தது. வெயிலில் தலைக்கு ஒன்றுமில்லை. அந்தப் பைன் காயை நான் கொடுத்ததும் தப்பு. அதைப் பற்றி வெளியே பேசாதே.

அவன் ஓடி வந்து நின்றபோதே யாரென்று தெரிந்துவிட்டது. அது என் தம்பியின் முகம். அவனை முதுகில் கட்டிக்கொண்டு நான் வயலுக்குப் போன காலத்து முகம். அப்புறம் நீ என்னை அம்மா என்றாய். நான் நிமிர்ந்திருக்கலாம். நிமிர்ந்தால் நீ வாயை மூடிக்கொள்வாய். நான் மூன்று வருஷமாகக் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. ஆகவே திருடிக் கேட்டேன். அதற்குத்தான் வணங்கினேன், வேறு அர்த்தம் தேடாதே.

ஷோஹேய் நகோயாவில் கார் தொழிற்சாலையில் இருக்கிறான். புத்தாண்டுக்குக்கூட வருவதில்லை. நீ ஓடியதால் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் அவனுக்குத் தொலைபேசி செய்து கேட்டேன். "அந்தக் கல்யாணம் எனக்கும் வேணாம்னு ரெண்டு தரம் சொன்னேன். நீதான் காதுலயே வாங்கல" என்றான். சொன்னான்தான். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் அம்மா பெற்ற பெண்ணின் பிள்ளையை அவளுக்கு முன் நான் தொட்டுவிட்டேன். அவள் என்னோடு எப்போதும்போல் பேசுகிறாள். அதுதான் தாங்கவில்லை. அக்டோபர் 19, ஞாயிறு, காலை பத்து மணிக்கு அதே குளக்கரைக்கு அவளை அழைத்து வருகிறேன். வில்லை வாங்கிக்கொண்டு, மனிதர்களைப்போல் வருவோம்.

உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். எழுந்து ஆப்பிள் தோட்டத்துக்குப் போய்விட்டான். நீ ஊருக்கு வருவதைப் பற்றி அவன் வாயால்தான் வர வேண்டும், அதை நான் சொல்ல மாட்டேன். இந்த வீட்டில் இனி மற்றவர்களுக்காக நான் பேசப்போவதில்லை.

நகத்தை வெட்டு.

ஷிமா


கவாகுச்சி
அக்டோபர் 21, 1975

அப்பாவுக்கு,

மிசாவோ எழுதுகிறேன். இங்கே கிங்கோ இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருக்கின்றன. அங்கே மலையில் முதல் பனி விழுந்திருக்கும். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது என்று மூன்று வருஷமாக அம்மாவிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாங்கள் மூவரும் நலம்.

துணியில் சுற்றி அத்தையிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய ஆப்பிள்கள் ஒன்றுகூட அடிபடாமல் வந்து சேர்ந்தன.

அம்மாவும் அத்தையும் வீட்டில் எவ்வளவு சொல்வார்கள் என்று தெரியாது, அதனால் நடந்ததை எழுதுகிறேன். பத்து மணிக்கு வந்தார்கள். டோக்கியோ வந்தது எங்களைப் பார்க்கத்தான் என்று தோட்டத்து வாசல் வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாதாம். எங்களைப் பார்த்ததும் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அத்தை இருபது அடி தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளத்தைப் பார்த்து நின்றார்கள். அம்மா குந்தி உட்கார்ந்து வதாருவை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள்.

அவன் அம்மாவைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் அத்தையின் காலைக் கட்டிக்கொண்டான்.

அப்பா, அப்போது அம்மாவின் முகத்தை நீங்கள் பார்க்காததே நல்லது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வெள்ளை உடுப்பு இல்லை, தொப்பி இல்லை, அவனுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவன் திரும்பவில்லை.

அத்தை அவனைத் தூக்கினார்கள். மார்போடு ஒரு தரம் அணைத்துக்கொண்டார்கள், அதைப் பார்த்தேன். பிறகு நேராக நடந்து வந்து அம்மாவின் கையில் வைத்தார்கள். "இந்தா தொமி. உன் பேரனை இவ்வளவு நாள் நான் வச்சிருந்துட்டேன்" என்றார்கள். அவன் திமிறினான், அழுதான். அத்தை அவன் முகத்தை அம்மாவின் பக்கம் திருப்பி, "அழாதடா. இவதாண்டா நிஜப் பாட்டி" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அழுகை ஓய்ந்து அம்மாவின் தோளிலேயே தூங்கிப்போனான்.

அதன் பிறகு நாங்கள் தோட்டம் முழுவதும் சுற்றினோம். பழைய கோட்டையின் கல் மேடை, மூங்கில் தோப்பு, தேயிலைச் செடி வரிசை எல்லாம். அத்தை முன்னால் நடந்து, களை எங்கெங்கே விட்டுப்போயிருக்கிறது என்று காட்டிக்கொண்டே போனார்கள். வழியில் உட்கார இடம் இருந்தது. குழந்தையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், நொபோருவும் கேட்டார். அம்மா யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல், வாசல் வரைக்கும் அவளேதான் தூக்கினாள்.

அவன் பதிமூன்று கிலோ இருக்கிறான், அப்பா. அம்மாவுக்கு இந்நேரம் வலது தோள் நிச்சயம் வலிக்கும். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்கு அவளைத் தண்ணீர் தூக்க விடாதீர்கள்.

உங்கள் மகள்
மிசாவோ